தலைவரின் முகத்தில் விபூதி

சுதந்திரத்துக்காகச் சிறை சென்ற தேசத் தலைவர் ஒருவரின் நினைவாக அரசாங்கம் வெளியிட்ட வெள்ளி நாணயம் என்னிடம் இருக்கிறது. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாணயத்தை விட்டுவிட்டு அவருடைய கட்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். கடையில் கொடுத்து மாற்றுகிற காசு இல்லை அது. முன்பதிவு செய்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குவது. மூடி போட்ட சின்னப் பெட்டியில் வரும். சுற்றிலும் கண்ணாடி போலப் பளபளக்க, தலைவரின் முகம் மட்டும் மாவு பூசியதுபோல் மங்கலாக இருக்கும். வேண்டுமென்றே அப்படி அச்சடிக்கிறார்கள், அழகே அதில்தான். விரல் பட்டாலே மதிப்புப் போய்விடும்.

இதையெல்லாம் என் மனைவியிடம் நான் சொன்னதே இல்லை. ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. இருங்காட்டுக்கோட்டையில் ஒற்றை அறை வாடகை வீடு. கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் நாணயப் பெட்டிகளோடு உட்கார்ந்துவிடுவேன். அவள் முகத்தைப் பார்த்ததைவிட அவற்றைப் பார்த்ததுதான் அதிகம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தேன். குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு அந்த நாணயத்தையும் பெட்டியிலிருந்து எடுத்து, வெள்ளிச் சாமானைத் தேய்க்கிற மாதிரி விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைவர் மூஞ்சி மட்டும் மங்கலா கீதுங்க. பூஜையில வெக்கலாம்னு தேச்சிகினு கீறேன். பாருங்க, இப்ப எப்டி கீறாரு!" என்று சிரித்தாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "உங்கம்மா வூட்ல எவளாச்சும் வெள்ளிய கண்ணால பாத்துருக்காளாடி? இனிமே என் சாமான் எதையும் கேக்காம தொடாத!" என்று கத்தினேன். பக்கத்து அறைக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவள் விபூதிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் அன்றைக்கே சமாதானமாகியிருப்போமோ என்னவோ.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் கேட்க ஆரம்பித்தாள். "சட்டைய தொவைக்கட்டா?" "டிபன் பாக்ஸ எடுக்கட்டா?" "போன் அடிக்குது, எடுக்கட்டா?" ஒரே அதட்டலில் வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்குள் பெருமை வேறு. மடையன். நான்கு வருடம் அப்படியே ஓடிப்போயிற்று.

போன மழைக்காலத்தில் அவளுக்கு வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஏழாம் நாள் காலையில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, இனி நம் கையில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னையே பார்த்தாள். ஊசி குத்தியிருந்த கையை என் தலைப் பக்கம் மெல்லத் தூக்கினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"முடி கலைஞ்சி கீதுங்க. சரி பண்ணட்டா?"

அப்போதாவது அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் "ம், பண்ணு" என்று அனுமதி கொடுத்தேன்.