தம்பி பிறந்ததில் என் பங்கு

என் தம்பி பிறந்ததற்கு நான்தான் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பள்ளியில் சொன்னேன், லிஃப்டில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒன்பது வயதில் அப்படியொரு பெருமை கிடைத்தால் எந்தப் பெண்தான் சும்மா இருப்பாள்!

அப்போது நாங்கள் பூன் லேயில் ஒன்பதாம் மாடியில் குடியிருந்தோம். அப்பா பேருந்து ஓட்டினார். என்னைப் பெற்ற கதையைக் கேட்டாலே அம்மாவுக்கு முகம் மாறிவிடும். "உன்னை அறுத்துத்தான் எடுத்தாங்க. என்ன நடக்குதுன்னு ஒருத்தரும் சொல்லல. தனியாக் கிடந்தேன்" என்பாள். அறுத்து எடுத்தாலும் நான் அவள் பெற்ற பிள்ளைதானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த முறை தானே பெற வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். முயன்று பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆனால் பழைய தழும்பு இருப்பதால், வலி அடிக்கடி வரத் தொடங்கிவிட்டால் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, உடனே வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அப்படித்தான் பிரசவத் துணைக்கென்று அம்மா அமர்த்திய டூலா ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். தலையில் முக்காடு, காலில் ஓட்டக்காரர்கள் போடும் காலணி. டாக்டரா, நர்ஸா என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்ல பாப்பா. அம்மா கூட இருக்கிறதுதான் என் வேலை."

அதைத்தான் நான் ஒன்பது வருஷமாகச் செய்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

தன் வேலையைச் செய்வதை விட்டு, அவர் எங்களை வேலை வாங்கினார். வலி வரும்போது அம்மாவின் இடுப்பை இரண்டு பக்கமும் எப்படி அழுத்துவது என்று அப்பாவுக்குக் காட்டினார். அப்பா அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு பழகினார். உதவிக்கு என்று காத்தோங்கிலிருந்து வந்திறங்கிய அத்தை, அப்பாவின் அக்கா, "இதென்ன கூத்து" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரையும் ஆன்ட்டி விடவில்லை. மருத்துவமனைப் பையை நல்ல நேரம் பார்த்து எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக்கிடம் கொடுத்து வைக்கச் சொன்னார். எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையே எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்து காலுறையைக்கூடக் கழற்றவில்லை, அம்மாவுக்கு வலி தொடங்கிவிட்டது. அப்பா வேலையில் இருந்தார். அத்தை ஆன்ட்டிக்குத் தொலைபேசியில் சொல்ல, நான் கடிகாரத்தின் கீழ் உட்கார்ந்தேன். எட்டு நிமிடம். ஏழு. ஆறு. அந்த வாரம்தான் கணக்கு டீச்சர் எண்களை அருகிலுள்ள பத்துக்கு ரவுண்ட் ஆஃப் செய்யக் கற்றுக்கொடுத்திருந்தார். நான் கெட்டிக்காரி ஆயிற்றே! பத்து, பத்து, பத்து என்று எழுதினேன். ஒருமுறை நான்கு நிமிடம் வந்தது. முறைப்படி அது பூஜ்யமாக வேண்டும். அசிங்கமாக இருக்குமே என்று அதையும் பத்தாக்கினேன்.

மூன்று மணி ஆனதும் அத்தை தேக்கா சந்தையில் வாங்கிய காலண்டரைப் பார்த்துவிட்டு வாசலில் நின்றுகொண்டார். "ராகு காலம். நாலரைக்கு முன்னாடி யாரும் படி தாண்டக் கூடாது. புள்ள எழுதியிருக்கா பாரு, பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுதான் வருது. அவசரம் இல்ல."

அம்மா சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, முடியல" என்றாள். என் நோட்டு அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த நேரத்தில் ஆன்ட்டி வந்தார். நோட்டை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். பிறகு அம்மாவின் முதுகில் கை வைத்தபடி இரண்டு வலி வந்துபோகும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அழகா எழுதியிருக்க லா" என்றார் என்னிடம். அடுத்து அத்தையிடம், "அக்கா, பையை எப்ப எதிர்வீட்டுல வச்சீங்க?" என்று கேட்டார்.

"நேத்து காலைல. நல்ல நேரத்துலதான் வச்சேன். எனக்குத் தெரியாதா?"

"அப்ப பரஸ்தானம் பண்ணியாச்சே! சாமான் போயிட்டா பயணம் தொடங்கின கணக்குன்னு நீங்கதானே சொல்வீங்க? நாம நேத்தே கிளம்பிட்டோம் அக்கா. இப்ப நடுவழியில நிக்கலாமா?"

எங்கள் சம்பிரதாயத்தை எங்களுக்கே எடுத்துச் சொல்லிவிட்டாரே மனுஷி! மறு நிமிடம் அத்தையே லிஃப்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டு, "சீக்கிரம் வாங்க, என்ன வேடிக்கை?" என்று அதட்டினார். மக்சிக் பையோடு ஓடி வந்தார். டாக்சியில் அம்மா போட்ட சத்தத்தில் ஓட்டுநர் வெலவெலத்துப் போனார். ஆன்ட்டி ஒரு கையால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அப்பாவுக்குத் தொலைபேசியில் வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா பேருந்துச் சீருடையோடு ஓடி வந்து பிரசவ அறைக்குள் நுழைந்தார். நானும் அத்தையும் வெளியே காத்திருந்தோம். ஐந்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. "பெத்துட்டா! அவளே பெத்துட்டா!" என்று அப்பா கத்தினார். அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினார். அத்தைக்கு அவ்வளவு பலம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

உள்ளே அம்மா வியர்த்து, முடி கலைந்து, பந்தயத்தில் ஜெயித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். "நானே பெத்தேன்டி!" என்றாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

பிறகு ஆளாளுக்குப் பங்கு கேட்டோம். தான் அழுத்திய அழுத்தில்தான் பிள்ளை இறங்கியது என்றார் அப்பா. "உங்க கைதான் சார்" என்றார் ஆன்ட்டி. தன் பரஸ்தானம்தான் காப்பாற்றியது என்றார் அத்தை. "பின்ன? நீங்கதான் அக்கா." நான் நோட்டை நீட்டினேன். "நீ மட்டும் இல்லன்னா!" என்று என் கன்னத்தைத் தட்டினார் ஆன்ட்டி.

"சரி, நீங்க என்ன செஞ்சீங்க ஆன்ட்டி?"

"நானா? நான் சும்மா கூட இருந்தேன் லா."

நான் அதை அப்படியே நம்பினேன். பாவம், எல்லாரும் ஆளுக்கொரு வேலை செய்தோம், இவருக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லையே என்று மனசு கஷ்டப்பட்டது. தம்பியை அப்பா தூக்கிக்கொண்ட பிறகும், சும்மா இருந்தவரின் கையை அம்மா ஏன் அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.