வீரம்மாள் போட்ட கையெழுத்து

போன பங்குனியில் இதே சபையில் எழுந்து நின்று நான் ஒரு சாட்சி சொன்னேன். வீட்டுக் கடனுக்கு வங்கி முன்கூட்டியே ஒப்புதல் தந்துவிட்டது என்று கடிதத்தைத் தூக்கிக் காட்டினேன். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். அது அவசரப்பட்டுச் சொன்ன சாட்சி. நடந்ததை இன்றைக்குத்தான் சொல்கிறேன். கோபமாகத்தான் சொல்வேன். அது இன்னும் தீரவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் கம்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கணவர் சாமுவேல் டூவீலர் மெக்கானிக். பதினோரு வருடமாக வாடகை வீடு. அனுமந்தன்பட்டியில் பாண்டி என்பவரிடம் ஒரு மனை பேசி, முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டோம். நான்கு மாதத்துக்குள் பத்திரம் முடிக்காவிட்டால் முன்பணம் திரும்ப வராது. கையில்தான் வங்கிக் கடிதம் இருக்கிறதே என்ற தைரியத்தில் கையெழுத்துப் போட்டேன். வீடு கட்டி முடிகிறவரை வாடகை குறைந்த இடத்துக்குப் போகலாம் என்று, குடியிருந்த வீட்டைக் காலி செய்வதாகவும் சொல்லிவிட்டோம்.

வைகாசியில் வங்கியிலிருந்து கூப்பிட்டு, கடன் தர முடியாது என்றார்கள்.

மேலாளர் மேஜையில் கடிதத்தை வைத்தேன். "இது நீங்க குடுத்ததுதான சார்?"

"நாங்க குடுத்ததுதாம்மா. உங்க சம்பளத்தையும், பழைய கடன ஒழுங்காக் கட்டுனதையும் பாத்துக் குடுத்தது. எடத்த அப்ப யாரும் பாக்கல. இப்பத்தான் எங்க வக்கீல் பாத்துருக்காக. பாண்டியோட அப்பா எழுதுன பழைய பத்திரத்துல ஒரு மகன், ஒரு மகள்னு இருக்கு. வாரிசுச் சான்றிதழ்ல மகன் மட்டுந்தான். அந்த மக வீரம்மா எங்க?"

பாண்டியிடம் போய்க் கேட்டோம். "அது செத்து எத்தனையோ வருசமாச்சுக்கா. கேரளாவுல எங்கனயோ" என்றார். இறப்புச் சான்றிதழ் கேட்டால் இல்லை என்றார். முன்பணத்தைக் கேட்டால் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்.

சொன்ன தேதியில் வாடகை வீட்டை விட்டு இறங்கினோம். சாமுவேலின் பட்டறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில், டயர் வாடைக்கு நடுவே இரண்டு பெண் பிள்ளைகளோடு குடியேறினோம். ஆறுதல் சொல்ல வந்த சபைச் சகோதரி ஒருவர், என் விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். கேட்கட்டும்.

அன்றைக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டே ஜெபித்தேன். முழங்கால் போடவில்லை. சண்டைதான் போட்டேன். "கடிதத்தக் காட்டி என்னய ஏன் ஏமாத்துனீரு? இந்தக் கதவ அடச்சது நீரா, வேற யாருமா? எனக்குப் பதில் வேணும்" என்று சத்தமாகவே கேட்டேன். தினமும் கேட்டேன்.

ஆனி மாதம். காலை நேரம், வெளிநோயாளிகள் பகுதி. ஏலக்காய்த் தோட்டத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிய ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார்கள். பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தேன். வீரம்மாள். தகப்பன் பெயர் அந்தப் பத்திரத்தில் இருந்த பெயர். ஊர் அனுமந்தன்பட்டி. என் கை நின்றுவிட்டது.

"பாண்டி உங்க கூடப் பொறந்தவரா?"

அந்த அம்மா முகம் மாறியது. "ஆமா. அவனுக்கு ஏதும் ஆகிப்போச்சா?"

செத்துவிட்டாள் என்று சொன்னவனைப் பற்றி அவர் முதலில் கேட்டது அதுதான்.

அவருக்குக் கட்டுப் போடும்போது வெளியே வந்து பாண்டிக்குப் போன் செய்தேன். "ஆஸ்பத்திரிப் பேப்பர்னு சொல்லி, பங்கு வேணாம்னு ஒரு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிருங்கக்கா. அதுக்கு என்ன தெரியப்போகுது? உங்களுக்கும் லோன் வந்துரும்ல" என்றார்.

மறைக்காமல் சொல்கிறேன். ஐந்து நிமிடம் அதை யோசித்தேன். டயர் வாடை அடிக்கும் அறையில் பிள்ளைகள் படுத்திருப்பது கண் முன் வந்தது. அதன் பிறகு எனக்கு வந்த கோபத்தில் பாதி பாண்டி மேல், பாதி என் மேல். உள்ளே போய் வீரம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் அழவில்லை. "வேற சாதியில கட்டிக்கிட்டேன்னு அப்பா சாவுக்கே எனக்குச் சொல்லல. இப்ப என்னயவே சாகடிச்சுட்டானா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நான் இல்லாம அந்த எடம் கை மாறக் கூடாதுன்னு ஏழு வருசமாச் சாமிகிட்டக் கேட்டுக்கிட்டு இருக்கேன் ஆத்தா" என்றார்.

எனக்கு வேண்டிய பதில் அதுதான். கதவை அடைத்தவர் யார் என்று தெரிந்துவிட்டது. அந்த அம்மா ஜெபக்கூட்டத்துக்கு வந்ததில்லை, நம் ஆண்டவர் பெயரைச் சொன்னதும் இல்லை. ஆனாலும் என் ஜெபத்துக்கு முன்னால் அவர் அழுகை போய்ச் சேர்ந்திருக்கிறது. என் ஆண்டவர் நியாயமானவர்.

மறுநாள் நானும் சாமுவேலும் பாண்டி வீட்டு வாசலில் நின்றோம். "உசுரோட இருக்கிறவகளச் செத்துட்டாகன்னு சொன்னீகளே, தாலுகா ஆபீசுல நானே வந்து சாட்சி சொல்லுவேன்" என்றேன். தெருவே கேட்டது. பாண்டியின் மனைவிதான் கடைசியில், "அது பேரயும் சேத்து எழுதிக் குடுத்துருங்க. இந்த அசிங்கம் போதும்" என்றார்.

ஒப்பந்தக் கெடு தாண்டியும், தெருவுக்கே தெரிந்த பிறகு பாண்டியால் எங்கள் முன்பணத்தை மறுக்க முடியவில்லை. உத்தமபாளையம் தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை என்று எண்ணவில்லை. ஐப்பசியில்தான் இரண்டு பெயரோடும் புதிய வாரிசுச் சான்றிதழ் வந்தது. பழைய ஒப்புதல் கடிதம் காலாவதியாகி இருந்தது. புதிதாக விண்ணப்பித்தோம். வக்கீல் சரி என்றார், கடன் வந்தது. கார்த்திகையில் பத்திரப் பதிவு. பாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வீரம்மாள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித் தன் பெயரை எழுதினார். விலையில் பாதிப் பங்கு அவர் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

இப்போது வீட்டுச் சுவர் கதவு நிலை மட்டத்துக்கு வந்திருக்கிறது. என் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். பாண்டியை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், அதற்காக இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் எனக்குக் கிடைக்காத ஒன்றைக் கேட்கும்போது, அதில் வேறு யாருடைய பங்காவது இருக்கிறதா என்றும் கேட்கிறேன்.

உங்களில் யாருக்காவது கதவு அடைபட்டிருந்தால், உங்களிடம்தான் குறை என்று சொல்கிறவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். இடம் வாங்குகிறவர்கள் பத்திரத்தை முதலில் வக்கீலிடம் காட்டுங்கள். பிறகு ஆண்டவரிடம் போங்கள். கோபம் இருந்தால் அந்தக் கோபத்தோடேயே போங்கள். என்னை அவர் வெளியே தள்ளவில்லை.