அத்தானின் காதும் என் ஸ்டீரியோவும்

அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் அத்தான், யாரையும் லேசில் நம்பமாட்டார். தொழில் அப்படி. ஊர்க் குடிநீர்க் குழாய்களில் கசிவு கண்டுபிடிப்பவர். இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, மண்ணுக்கடியில் எங்கே ‘ஸ்ஸ்’ என்று இழுக்கிறது என்று கேட்பார். அவர் சாக்பீஸால் குறி போட்ட இடத்தில் ரோட்டைப் பெயர்ப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்தக் காதுதான் வீட்டுக்குச் சோறு போடுகிறது.

நான் பழைய ஸ்டீரியோக்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிறவன். அக்கா பாட்டுப் பைத்தியம் என்பதால் நல்ல செட் ஒன்றை அவர்கள் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். வந்தது வினை. ஒரே வாரத்தில் அத்தான் போன் செய்தார். அரை மணி நேரம் கேட்டால் தலை கனக்கிறதாம், காது மரத்துப்போகிறதாம், மறுநாள் வேலையில் கம்பியில் வரும் சத்தம்கூடச் சரியாகப் பிடிபடவில்லையாம். மட்டமான சாமானை உள்ளே மாட்டி அவர் தலையில் கட்டிவிட்டேன் என்று சந்தேகம். சொந்த மச்சினன் என்றும் பார்க்கவில்லை.

போய்ப் பார்த்தேன். இரண்டு ஸ்பீக்கரும் அவர் காதுக்கு நேராக, நாலடி தூரத்தில். சுற்றிலும் வெறும் சுவர், வெறும் தரை. பாட்டு அறைக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்தது. கீச்சு ஒலியைக் கூட்டும் ட்ரெபிள் திருகு கடைசிவரை ஏறியிருந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளி, ஸ்பீக்கர்களைக் கொஞ்சம் திருப்பி, ட்ரெபிளைப் பாதிக்கு இறக்கினேன். சுவரில் தடித்த திரை மாட்டுங்கள், அரை மணிக்கொருதரம் நிறுத்திவிட்டு எழுந்து நடங்கள் என்றேன். இப்போதுதான் காதுக்கு இதமாக இருக்கிறது என்றாள் அக்கா.

அதுவே அவருக்குப் புதுச் சந்தேகம். அக்காவும் தம்பியும் கூட்டாம். அடுத்த வாரம் போனால் ட்ரெபிள் மறுபடி உச்சியில். செட்டுக்குள் ஒரு ‘ஸ்ஸ்’ இருக்கிறதாம், திருகை இறக்கி நான் அதை மறைத்துவிட்டேனாம், ஏற்றினால்தான் சிக்குமாம். மனுஷன் பாட்டே கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் உட்கார்ந்து கசிவு தேடியிருக்கிறார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

பாட்டை நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடி, ஸ்பீக்கரில் காதை ஒட்டினார்.

"இதோ இழுக்குது பாரு. உனக்குக் கேக்கலையா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்காவும் உதட்டைப் பிதுக்கினாள். நான் சத்தமில்லாமல் போய்ப் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

"இப்ப கேக்குதா அத்தான்?"

"நல்லாவே கேக்குது."

அவர் கண் திறந்ததும் ப்ளக்கைத் தூக்கிக் காட்டினேன். வாயை அடைத்துவிட்டோம் என்ற சந்தோஷம் ஒரு நொடிதான். அவர் ப்ளக்கைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், ஸ்பீக்கரை விட்டு மெதுவாகத் தள்ளி நின்றார். தள்ளி நின்ற பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இப்படியா காட்டிக்கொடுப்பது என்று என்மேலேயே வெறுப்பு வந்தது.

காலையில் டாக்டரிடம் போகலாம் என்றாள் அக்கா. அவர் ரோடு தோண்டும் மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

"இன்னிக்கு நான் குறி போட்ட இடத்தத் தோண்ட வேண்டாம். வேற யாராவது ஒருதரம் கேட்டுச் சொல்லட்டும்."

மேஸ்திரி ஏன் என்று கேட்டார் போலிருக்கிறது. அத்தான் எங்கள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"என் காது மேல எனக்குச் சந்தேகமா இருக்கு."