லில்லியக்கா வீட்டுப் போர்ச்சில் என் நீலக் கார்

நான் வாழ வந்த ஊரில் கார் ஒரு வீட்டில் தூங்கும், அதை வாங்கியவர் இன்னொரு வீட்டில் தூங்குவார். கரூரிலிருக்கும் என் சொந்தக்காரர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள். கேரள எல்லையில், பாறசாலையை ஒட்டிய கொல்லயிலில் எங்கள் வீடு உட்படப் பல வீடுகள் ரோட்டை விட்டு மேலேறி, தென்னந்தோப்புக்குள் இருக்கின்றன. அங்கே போகும் பாதைக்கு இடவழி என்று பெயர். மழையில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையை மடக்க வேண்டும். ஆகவே கார் வைத்திருப்பவர்கள் கீழே ரோட்டோரத்து வீடுகளில் எதன் போர்ச்சிலாவது அதை விட்டுவிட்டு நடந்து ஏறுவார்கள். வாடகை என்று வாயெடுத்தால் சண்டைதான். பதிலாக, போர்ச் கொடுத்தவர்களுக்குக் காரில் ஓர் உரிமை வந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போவது, கல்யாணத்துக்குப் போவது, வளைகுடாவிலிருந்து வரும் மச்சானை விமான நிலையத்தில் போய் அழைத்து வருவது எல்லாம் அந்தக் காரில்தான்.

கரூரில் எங்கள் தெருவில் கார் வாங்குவது பெண் பார்ப்பதைவிட ரகசியமான காரியம். அப்பா முதன்முதலாகக் கார் வாங்கியது, அது வாசலில் வந்து நின்ற பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரிந்தது. கண் பட்டுவிடுமாம். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்த பிறகே அம்மாவுக்கு மூச்சு வந்தது. இங்கேயோ வாங்குவதற்கு முன்பே வண்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டாமல் வாங்கினால் திமிர் என்று பெயர்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய்வந்தவள் நான். பெரும்பாலும் நின்றபடிதான். சம்பளம் உயர்ந்ததும், தினமும் ஓட்டிப்போகச் சின்னதாக ஒரு சொகுசு செடான் வாங்குவதென்று முடிவெடுத்தேன். "இந்தக் காசுக்கு யானை மாதிரி வண்டி கிடைக்கும்" என்றார் என் கணவர் சஜி. எனக்கு யானை வேண்டாம். தேடித் தேடிக் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று நீலம். தரையோடு தாழ்ந்து நிற்கும், மிதித்தால் சீறும், பின் சீட்டு மட்டும் ஒப்புக்கு. இன்னொன்று வெள்ளை. மெத்தையில் போவது போலிருக்கும், பின்னால் தாராளமான இடம், ஆனால் ஓட்டுகிறவருக்குக் கொட்டாவி வரும். என் மனம் நீலத்திடம் போய்விட்டது.

போர்ச் லில்லியக்காவிடம் இருந்தது. கீழே ரோட்டோர வீடு, சர்ச்சுக்கு எதிரே. மகள் ஜெனிஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். நான் போய்க் கேட்டதும் அக்கா உடனே பிடி கொடுக்கவில்லை.

"வண்டிய இங்க கொண்டு வா மக்கா, நான் பாக்கட்டு. நீ பாண்டிக்காரி, ஒனக்கு இங்கத்த ரோடு தெரியாது."

பாண்டிக்காரி என்றால் கிழக்கே மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள். அக்கா அன்பாகத்தான் சொல்வார். ஆனாலும் ஆறு வருடமாக இதே பெயர். ஒரு தேங்காய்த் துருவிகூட இந்த ஊரில் யாரும் என்னிடம் இரவல் கேட்டதில்லை. விருந்தாளியிடம் யார் கேட்பார்கள்? என் கார் அந்தப் போர்ச்சில் நின்றால் நானும் இவர்களில் ஒருத்தி என்று ஆகிவிடும் என்று ஏங்கினேன். போர்ச் கிடைக்காவிட்டால் காரும் இல்லை, அந்தச் சொந்தமும் இல்லை.

முதலில் நீலம் வந்தது. கழுத்துப்பட்டை கட்டிய விற்பனைப் பையன், கேட்டைத் திறந்த லில்லியக்காதான் வாங்கப்போகிறவர் என்று எண்ணிக்கொண்டான். அக்காவும் மறுக்கவில்லை. முன் சீட்டில் ஏறி மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். பையன் பின்னால் முழங்காலை மடக்கிக்கொண்டு, "சேச்சி, இதின்றெ பிக்கப் ஒந்நு நோக்கணம்" என்று வண்டி சீறும் வேகத்தைப் பார்க்கச் சொல்லி முழு வகுப்பையும் அக்காவுக்கே எடுத்தான்.

"பிக்கப் கெடக்கட்டு. பேக் சீட்டுல ஒரு கல்யாணப் பெண்ணு இருக்க முடியுமா?"

"சன்ரூஃப் உண்டு சேச்சி" என்றான் பையன் பெருமையாக.

"அப்பம் கிரீடம் அதுவழியா வெளிய நிக்குமா?"

பையன் மரியாதையாகச் சிரித்தான். அக்கா கேலி செய்யவில்லை என்பது திரும்பி வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஜெனிஷா தயாராக நின்றாள். நைட்டிக்கு மேல் வெள்ளைப் படுக்கை விரிப்பு, தலையில் கிரீடத்துக்குப் பதில் இடியாப்பத் தட்டு, அதிலிருந்து தரைவரை கொசுவலை. அவர்கள் சர்ச்சில் மணப்பெண் வெள்ளைச் சேலை, கிரீடம், அதிலிருந்து தொங்கும் வலைத்துணி நெட்டுடன் வருவாள். அதற்கான ஒத்திகை! நீலக் காருக்குள் குனிந்து நுழைந்தபோது தட்டு உருண்டு ஓடையில் விழுந்தது. கொசுவலை கதவில் மாட்டிக்கொண்டது. அடுத்த நாள் வெள்ளைக் காரில் அவள் மகாராணி போல ஏறி இறங்கினாள். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் தீர்ப்பு இருந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். வெள்ளையை எடுத்தால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் தினமும் ஓட்டப்போவது நான். ஒருநாள் கல்யாணத்துக்காக ஆயுள் முழுக்கக் கொட்டாவி விடுவதா? போய்ச் சொல்லிவிட்டேன். "நீலம்தான்க்கா."

அக்கா "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு வாரம் அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே போனேன். எட்டாம் நாள் அக்கா வழிமறித்தார்.

"ஏட்டி, மொகத்தத் தூக்கி வச்சிட்டு எங்க போற? ஒனக்க காசு, ஒனக்க வண்டி. விறகெல்லாம் மாத்தி போர்ச்ச ஒதுக்கியாச்சு."

"ஜெனிஷா எதுல போவாக்கா?"

"அத அவ பாத்துக்கிடுவா."

அவள் பார்த்துக்கொண்டாள். கல்யாணத்தன்று, வாடகைக்குப் பிடித்த வெள்ளைக் காரை விட்டுவிட்டு என் நீலக் காரின் முன் சீட்டில், கிரீடமும் நெட்டுமாக எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மணப்பெண் முன் சீட்டில் வந்ததைக் கண்டு மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். பின்னால் பூச்செண்டோடு மாட்டிக்கொண்ட லில்லியக்காவை இருவர் கைகொடுத்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை என்னைக் காட்டி, "டிரைவரா?" என்று கேட்டார்.

"வண்டி எங்க வீட்டு வண்டியாக்கும்" என்றார் அக்கா, சேலையை உதறிக்கொண்டே. "ஓட்டுறது பாண்டிக்காரி."

வந்து ஒரு மாதம்கூட ஆகாத கார் அந்த வீட்டு வண்டி ஆகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று என் காரின் மீதே எனக்குப் பொறாமை வந்தது.

பொங்கலுக்குக் கரூருக்கு அதை ஓட்டிப்போனேன். நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் புதுக் குடித்தனக்காரர் அப்பாவிடம், "மலையாளத்துக்காரங்க விருந்தாளியா வந்திருக்காங்களாங்க?" என்று விசாரித்தார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளம்பும் நாளன்று, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போ கண்ணு" என்று அம்மா காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது லில்லியக்காவின் போன்.

"மக்கா, வண்டி எப்பம் வரும்? போர்ச்சு காலியாக் கெடக்கு, பாக்கச் சகிக்கல்ல."

"வண்டி மட்டும் வந்தாப் போதுமாக்கா?"

"வண்டி என்ன, தன்னால ஓடியா வரும்? பேச்ச விட்டுட்டு ஓட்டிட்டு வா. மரச்சீனிக் கெழங்கு அவிச்சு வைக்கேன்."

"வாறேன்க்கா" என்றேன். கரூர் வாசலில் நின்றுகொண்டு கொல்லயில்காரியாகப் பேசியது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு முறம் பூண்டும் எடுத்துவந்தார். காரின் முன் பம்பரை ஒட்டி நாற்காலியைப் போட்டு, அதில் உட்கார்ந்து நிதானமாகப் பூண்டு உரிக்கத் தொடங்கினார்.

"கெளம்பிட்டியா?" என்று போனில் லில்லியக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.