பம்பரின் பின்பக்கம்

என் அக்கா கணவரை நான் பதினாறு வருடங்களாகச் சந்தேகப்பட்டு வந்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், சொந்தக்காரன் என்பதால் தூக்கிப் பிடிக்கிறான் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் ஸ்பேனர். நான் அத்தான் என்பேன். பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, உட்காரச் சொன்ன நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பின்னங்காலில் ஒரு ஆணி கழன்றிருக்கிறது என்று சொல்லவும் செய்தார். கழன்றுதான் இருந்தது. ஆனாலும் பெண் கேட்க வந்த இடத்தில் இதையெல்லாம் சொல்வார்களா? அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அக்கா மட்டும் உள்ளே போய்ச் சிரித்தாள். எனக்கு அப்போதே மனசுக்குள் ஒரு முள் தைத்துவிட்டது. நாற்காலியையே நம்பாதவர் எங்கள் அக்காவை எப்படி நம்புவார் என்று நினைத்தேன்.

நான் சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து, உண்மையிலேயே அப்படித்தான் அடிபட்டதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. மாடு குறுக்கே வந்தது என்பார்கள், மாட்டின் மயிர் ஒன்றுகூட வண்டியில் இருக்காது. நின்றிருந்த வண்டியை இடித்துவிட்டான் என்பார்கள், பிரேக் போட்ட தடம் பத்தடிக்கு இருக்கும். மாட்டிக்கொண்டதும் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: “மறந்துட்டேன் சார்.” இருபது வருடத்தில் அந்த வார்த்தையை நான் ஒரு தடவைகூட நம்பியதில்லை.

அத்தானுக்கு வேலை, காட்டிலும் மேட்டிலும் ஓடுகிற ஜீப்புகளுக்குக் கனமான இரும்பு பம்பர் போடுவது. கம்பெனியிலிருந்து வரும் பிளாஸ்டிக் பம்பர் ஒரு பாறையில் உரசினாலே வாயைப் பிளந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு இரும்பில் போட்டுக்கொள்ள மலை எஸ்டேட்காரர்கள், குவாரிக்காரர்கள், வாரக் கடைசியில் ஆற்றுக்குள் வண்டி விட்டு விளையாடும் பணக்காரப் பிள்ளைகள் எல்லோரும் அவரைத் தேடி வருவார்கள். வருகிறவர்களை அவர் லேசில் விடமாட்டார். பம்பருக்குப் பின்னால் மோதலில் தானே நசுங்கி நம்மைக் காப்பாற்றுகிற இரண்டு இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன என்பார். அதை வெட்டி எறிந்துவிட்டு இரும்பை நேரே வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் பூட்டினால், வண்டி நசுங்காது, உள்ளே இருக்கிறவன் நசுங்குவான் என்பார். தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் இருக்கிறது, அது சரியான இடத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தால்தான் ஏர்பேக் வேளைக்கு விரியும் என்பார். கூரான விளிம்பு வைத்த பம்பரைக் கண்டால், ரோட்டில் நடக்கிறவன் என்ன பாவம் பண்ணினான் என்று கேட்பார். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்ப் பாதிப் பேர் வேறு பட்டறைக்கு ஓடிவிடுவார்கள்.

ஒத்துக்கொள்கிறவர்களுக்கு வேலையை முடித்து, என்ன மாற்றினோம், எத்தனை கிலோ கூடியது என்று ஒரு கடிதம் கொடுப்பார். அதை இன்சூரன்ஸ் ஆபீசில் கொடுத்து, முத்திரை வாங்கிய நகலை அவரிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்து வண்டியையும் கொண்டுவர வேண்டும். புது இடத்தில் அதிர்வு வாங்கிய சென்சாரை மறுபடி முடுக்கிப் பார்ப்பார். என் ஜீப்புக்கும் அவர்தான் போட்டுக் கொடுத்தார். கரடுமுரடான பாதையில் அலைகிற வேலை எனக்கு. மச்சான் என்பதால் வரிசையில் காக்க வைக்கவில்லை.

என் சந்தேகமெல்லாம் அவருடைய பின்சுவரின் மேல்தான். கழற்றிய பழைய பம்பர்களை அங்கே கொக்கியில் வரிசையாக மாட்டி வைத்திருப்பார். வண்டியை விற்கும்போது பழையதைத் திரும்பப் பூட்டிக்கொள்வார்கள் என்பது அவர் சொல்கிற காரணம். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. இரும்பு பம்பரைப் பற்றி இன்சூரன்ஸில் சொல்லாமல் ஓட்டுகிற ஆட்கள், விபத்து நடந்ததும் முதலில் செய்கிற காரியம், சர்வேயர் வருவதற்குள் இரும்பைக் கழற்றிவிட்டுப் பழைய பிளாஸ்டிக்கை மாட்டுவது. அந்தப் பிளாஸ்டிக் இருக்கிற இடம் இது. அத்தான் அதற்கு உடந்தையா, இல்லையா? பதினாறு வருடமாக இந்தக் கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. அக்காவின் முகத்துக்காகக் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு கிளெய்ம் வந்தது. மாட்டு டாக்டர் ஒருவருடைய ஜீப். மலைப்பாதையில் மரத்தில் மோதியிருந்தார். ஏர்பேக் விரியவில்லை. விலா எலும்பு நான்கு உடைந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய தம்பிதான் வண்டியைக் காட்டினான். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்தது.

முன்னால் பிளாஸ்டிக் பம்பர் உடைந்து தொங்கியது. பானெட் நான்கு வருட வெயிலில் வெளுத்துக் கிடக்க, அதை ஒட்டியிருந்த பம்பர் மட்டும் நேற்றுக் கடையிலிருந்து எடுத்து வந்த மாதிரி பளபளத்தது. உடைசலைச் சுற்றி வட்ட வட்டமாக வெள்ளைத் தழும்புகள். மரம் இடித்தால் அப்படி வராது, சுத்தியல் இடித்தால் வரும். பம்பரைக் கழற்றச் சொன்னேன். பின்னால் நசுங்கும் பெட்டிகள் இரண்டையும் யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். கனமான எதையோ நேரே சேஸிஸில் பூட்டியிருந்த போல்ட்டுத் தடங்கள் புதிதாக இருந்தன. சென்சார் ஒயரோடு ஒரு ஓரமாகத் தொங்கியது.

பிளாஸ்டிக்கைத் திருப்பிப் பார்த்தேன். உட்பக்கம், தூசிக்கு அடியில், வெள்ளை மார்க்கரில் தேதியும் வண்டி எண்ணும் இருந்தன. அதற்குக் கீழே ‘கழற்றியது நான்’ என்று ஒரு வரி. மற்ற எழுத்து உடைந்த துண்டோடு போயிருந்தது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். என் அக்கா வீட்டுக் காலண்டரில் சிலிண்டர் மாற்றிய தேதியை அத்தான் எழுதுகிற கையெழுத்து.

பார்த்ததை எழுதினால் அத்தானின் பட்டறைக்குப் பூட்டு. ஒரு மனிதனின் விலா எலும்பு உடையக் காரணமான வேலை, அதை மறைக்கவும் உடந்தை. அக்காவும் இரண்டு பிள்ளைகளும் அந்தப் பட்டறையை நம்பித்தான் இருக்கிறார்கள். எழுதாவிட்டால் நான் இருபது வருடமாகச் செய்த வேலைக்கு அர்த்தமில்லை. ஒரு பக்கம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னொரு பக்கம், உண்மையைச் சொல்கிறேனே, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. நான் நினைத்தது சரிதான் என்கிற அற்பச் சந்தோஷம்.

நேரே பட்டறைக்குப் போனேன். அத்தான் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் நான் சாய்ந்து நின்றிருந்த ஏணியைப் பார்த்தார். தள்ளி நிற்கச் சொன்னார், அதில் ஒரு படி ஆடுகிறதாம். சுவரில் பதினொன்றாவது கொக்கி காலியாக இருந்தது.

“மாட்டு டாக்டர் பம்பர் எங்க போச்சு அத்தான்?”

“அவரு தம்பி வந்து வாங்கிட்டுப் போனான். விக்கப் போறேன்னான். அவங்க பொருள், நான் எப்படிக் குடுக்கமாட்டேன்னு சொல்றது?”

“இரும்பு பம்பரைப் போட்டது நீங்கதானே?”

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, நடந்ததை நிதானமாகச் சொன்னார். டாக்டர் எங்கேயோ வாங்கிய பம்பரைத் தானே கொண்டுவந்திருக்கிறார். பழையதைக் கழற்றிய பிறகுதான் அத்தான் புதியதை அளந்து பார்த்தாராம். பெட்டிகளை வெட்டாமல் அது உட்காராது, சென்சாரை வைக்க அதில் இடமே இல்லை. போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். டாக்டர் கோபித்துக்கொண்டு, பழையதை அங்கேயே விட்டுவிட்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார்.

என் காதில் பூச்சுற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். அதை அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“உடஞ்ச துண்டைத் தேடிப் பாரு மச்சான். மீதி அதுல இருக்கும். சர்வேயர்னு ஒருத்தன் வருவான், அவன் பின்பக்கம் திருப்பிப் பாப்பான்னு நெனச்சுத்தான் எழுதறது.”

திரும்பவும் அந்த வண்டி நின்ற இடத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம், துண்டு கிடைக்காது, அதுதான் அவருடைய தைரியம் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஆனால் தம்பிக்காரன் தன் கெட்டிக்காரத்தனத்தில், விபத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று உடைசல்களையெல்லாம் ஒரு சாக்கில் பொறுக்கிப்போட்டுப் பின் சீட்டில் வைத்திருந்தான். அவனே எடுத்தும் கொடுத்தான். நாலாவது துண்டில் இருந்தது: ‘புதுசை நான் போடவில்லை. சென்சாருக்கு இடமில்லை. ஆபத்து என்று சொல்லியாச்சு.’ கீழே டாக்டரின் கையெழுத்து. சொன்னதைக் கேட்டுக்கொண்டதற்கு அத்தாட்சியாக அத்தான் அவரிடமே கையெழுத்து வாங்கியிருக்கிறார். துண்டை உடைசலோடு பொருத்திப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. அதைப் படித்துவிட்டுத் தம்பி சுவரில் சாய்ந்துகொண்டான். அண்ணன் அதில் கையெழுத்துப் போட்டது அவனுக்குத் தெரியாதாம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்கலாம் என்று பட்டறைக்குப் போனேன். என் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு என் ஜீப்பில்தான் போனேன். முன் சீட்டுத்தான் வேண்டும் என்று தினமும் அடம்பிடிக்கிறவள்.

மன்னிப்பைப் பாதி சொல்லும்போதே அத்தான் கையமர்த்தினார்.

“அதை விடு. நீ என்னைச் சந்தேகப்பட்டது தப்பில்லை, அது உன் வேலை. வந்ததும் வந்த, அந்த மூணாவதைத் திருப்பிப் பாரு.”

சுவரில் மாட்டியிருந்த பம்பர்களை அதற்கு முன் நான் தூரத்திலிருந்துதான் முறைத்திருக்கிறேன், கிட்டே போய்த் திருப்பிப் பார்த்ததில்லை. முதலிரண்டின் பின்னாலும் எழுத்து இருந்தது. இன்சூரன்ஸ் கடிதத்துக்கு ஒரு டிக், சென்சார் முடுக்கியதற்கு ஒரு டிக். மூன்றாவது சாம்பல் நிறம். அது என்னுடையது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. ‘மச்சான். இன்சூரன்ஸில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் வர வேண்டும்.’ டிக் ஒன்றுகூட இல்லை.

கடிதத்தை வாங்கிக்கொண்டது நினைவுக்கு வந்தது. நம் ஆபீஸ்தானே, நாளைக்குக் கொடுத்தால் போயிற்று என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஊரில் எல்லா வண்டிக்கும் அடியில் படுத்துப் பார்க்கிற நான், என் வண்டிக்கு முன்னால் ஒரு நாளும் குனிந்ததில்லை.

“மூணு வாட்டி கேட்டேன். அப்புறம் உன்கிட்டயே போய் இன்சூரன்ஸ் பத்திப் பேசச் சங்கடமா இருந்துச்சு. ஆனா நீ ஆபீஸ்ல சொல்லியிருப்பேன்னு நம்பலை. நம்பியிருந்தா டிக் போட்டிருப்பேன்” என்றார் அத்தான்.

பேசிக்கொண்டே என் ஜீப்புக்குக் கீழே படுத்து டார்ச்சை அடித்தார். பிறகு என்னையும் படுக்கச் சொன்னார். ஒயர் அறுந்திருந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்திருக்கும், நானும் பார்த்திருப்பேன். ஒயருக்கு ஒன்றும் ஆகவில்லை. சென்சாரைப் பிடித்திருந்த போல்ட்தான் இரண்டு வருட அதிர்வில் தளர்ந்து, விரலால் தொட்டால் லொடலொட என்று ஆடியது. அன்று காலை வளைவில் ஒரு லாரி ஒதுங்காமல் வந்ததும், மகள் பயந்து என் கையைப் பிடித்ததும் நினைவுக்கு வந்தன. அத்தான் ஸ்பேனரை எடுத்து முடுக்க ஆரம்பித்தார்.

அன்றே ரிப்போர்ட்டை எழுதினேன். டாக்டர் வண்டியைப் பற்றிப் பார்த்ததையெல்லாம் எழுதி, உடைந்த துண்டின் படத்தையும் வைத்தேன். கழற்றியவர் என் அக்கா கணவர் என்பதையும், வேண்டுமானால் வேறொரு சர்வேயரை அனுப்பிச் சரிபார்க்கலாம் என்பதையும் சேர்த்தேன். டாக்டருக்கு இன்சூரன்ஸ் பணம் வராது என்று தெரிந்துதான் எழுதினேன். பிறகு இன்னொரு தாளை எடுத்து, என் சொந்த ஜீப்பைப் பற்றி எழுதி, அத்தான் கொடுத்த கடிதத்தின் நகலோடு மேலதிகாரியின் மேஜையில் வைத்தேன்.

மூன்றாம் நாள் என் ஜீப்பைப் பார்க்க ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். என்னிடம்தான் வேலை கற்றுக்கொண்டவர், எப்போதும் வாய் நிறைய ‘அண்ணே’ என்று கூப்பிடுகிறவர், அன்றைக்குச் ‘சார்’ என்றார். தரையில் படுத்தார், தட்டினார், படம் எடுத்தார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

“ரெண்டு வருஷமா ஏன் சார் ஆபீஸ்ல சொல்லலை?”

“மறந்துட்டேன்” என்றேன்.

அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அது எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை, இருபது வருடமாக நான் எல்லோரையும் பார்த்த பார்வை.