காட்டுக்கோழி இறகு

சகாயமேரி மாரண்டஹள்ளியில் வீட்டிலிருந்தபடியே தூண்டிலில் மாட்டும் பொய் ஈ கட்டுகிறவள். மெல்லிய பிளாஸ்டிக் குழாயை ஊசியில் செருகி, அதன்மேல் கறுப்பு முடியும் வெள்ளிச் சரிகையும் வைத்து நூலால் இறுக்குவாள். சீமையில் யாரோ அதைத் தூண்டில் நரம்பில் கோத்து, பின்னால் முள் மாட்டி, கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவரும் ட்ரவுட் மீனை ஏமாற்றுவார்களாம். அந்த மீனை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். சாமான் கொடுப்பதும் கட்டியதை வாங்கிப்போவதும் ஓசூர் ஏஜெண்ட் கதிரவன்.

போன ஆடியில் ஒருநாள் அவன் புதிதாக ஒரு பொட்டலம் கொண்டுவந்தான்.

“புது டிசைனுங்கக்கா. பக்கத்துக்கு ஒரு எறகு வெச்சுக் கட்டிருங்க. யாராச்சும் கேட்டா வளர்ப்புக் கோழின்னு சொல்லுங்க.”

அவன் போன பிறகு பிரித்தாள். கறுத்த இறகுகள், நுனியில் மெழுகு சொட்டியது போல மஞ்சள் புள்ளிகள். தாய்மாமன் சவுரியப்பன் கண்ணி வைத்துப் பிடித்துவந்த காட்டுக்கோழியின் கழுத்து இறகு இதேதான். அதற்காக ஃபாரஸ்ட்காரர்கள் அவரை விலங்கு போட்டு இழுத்துப்போனபோது சகாயமேரி பாவாடை சட்டையோடு வாசலில் நின்று பார்த்திருந்தாள்.

கதிரவனுக்குப் போன் போட்டாள். “ஒண்ணும் ஆவாதுக்கா, கட்டுங்க” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

கட்ட உட்கார்ந்தால் நூல் அறுந்து அறுந்து போனது. பொட்டலத்தை அரிசி மூட்டைக்குள் புதைத்தாள். மனசு கேட்காமல் எடுத்து பீரோவுக்கு அடியில் தள்ளினாள். அடுப்பில் போடலாமென்றால் இறகு பொசுங்கும் நாற்றம் தெருவையே கூட்டிவிடும். கம்பெனி ஷிஃப்டில் இருந்த புருஷன் மாது போனை எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஃபாரஸ்ட் ஜீப் நின்றது. காக்கிச் சட்டையில் ஒரு பெண் இறங்கினாள். சட்டையில் நிர்மலாதேவி என்று பெயர்.

“வூட்ல யாருங்க?”

சகாயமேரி எட்டிப் பார்த்தாள். கதவைப் பிடித்தபடி நின்றாள்.

“ஏரிப்பக்கம் யானை எறங்கியிருக்குதுங்க. பொழுது சாஞ்சா வெளிய வராதீங்க. ஏம்மா, ஏன் இப்பிடி வேர்க்குது உங்களுக்கு?”

“ஒண்ணுமில்லீங்க.”

நிர்மலாதேவி பக்கத்து வீட்டுக்குப் போனாள். சகாயமேரி கதவைச் சாத்தினாள். இன்று யானைக்காக வந்த ஜீப் நாளைக்கு எதற்காக வரும்? குனிந்து பொட்டலத்தை இழுத்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள்.

“மேடம், இது என்னுது இல்லீங்க. கட்டறதுக்குக் குடுத்தாங்க. காட்டுக்கோழிங்க, எனக்குத் தெரியும்.”

பிரித்துப் பார்த்த நிர்மலாதேவியின் முகம் மாறியது. “வண்டியில ஏறுங்க.”

தெருவே பார்த்தது. வழியெல்லாம் சகாயமேரி கழுத்தில் கிடந்த ஜெபமாலையை உருட்டவும் மறந்து அதை வெறுமனே இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“எம்புள்ளைங்க ஸ்கூல் வுட்டு வருமுங்க” என்று ஆபீசில் அழுதாள்.

“நீங்களா கொண்டாந்து குடுத்ததால சாட்சியாத்தான் எழுதறோம். கோர்ட்டுல கூப்புட்டா வந்து சொல்லணும்” என்றார் ரேஞ்சர்.

பொழுது சாய்வதற்குள் ஜீப்பிலேயே கொண்டுவந்து விட்டார்கள். கதிரவனை அந்த வாரமே ஓசூரில் பிடித்தார்கள். இப்போது ஜாமீனில் இருக்கிறான். சகாயமேரி வேறொரு கம்பெனிக்குச் சாயம் போட்ட கோழி இறகில் ஈ கட்டுகிறாள். அடுத்த மாதம் கேஸ். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாலே அவளுக்கு முடிச்சு தப்பிப்போகிறது. கூட வருவதற்கு மாது இப்போதே லீவு சொல்லிவைத்திருக்கிறான்.