ஒரே மூச்சில் ஒரு பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. மைசூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவருக்குக் கண் தெரியாது. கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம், ராமாபுரத்துக்காரர். வீட்டில் தமிழ். அலுவலகத்தில் வாய்விட்டுத் தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அம்மிணி என்பார்.

அந்தச் சமயத்தில் தானாகவே லைன் கொடுக்கும் புது மெஷின் வந்து இறங்கியது. அண்ணாவைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை. சம்பளம் குறையாது என்றார்கள். இத்தனை வருடம் குரலை வைத்து வேலை பார்த்தவரைப் பேச்சே தேவைப்படாத மூலையில் உட்கார வைப்பதா என்று எனக்கு மனசு ஆறவில்லை. அவர் எப்போதும் போல் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மதியச் சாப்பாட்டைப் பாதியிலேயே மூடி வைக்க ஆரம்பித்தார்.

எனக்கு ஒரு யோசனை. கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றுடன் இலவசமாக வந்த சிடியில், ஆங்கில எழுத்தைப் படித்துக் காட்டும் மென்பொருள் இருந்தது. ஊழியர்களின் பெயரையும் சர்க்குலரையும் அது படித்துச் சொன்னால், அண்ணா விசாரணைப் பிரிவில் உட்கார்ந்து, போனில் கேட்பவர்களுக்கு ஆளைப் பிடித்துக் கொடுக்கலாமே? மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஒரு மாசம் நோடோணா" என்றார். கன்னடத்தில், பார்க்கலாம் என்று அர்த்தம். சரியாக வராவிட்டால் பேக்கிங்.

முதல் நாளே சிக்கல். எங்கள் தொழிற்சாலையில் ராஜு என்ற பெயரில் பல பேர். எஸ்.ராஜு, எம்.ராஜு, கே.ராஜு என்று இனிஷியலை வைத்துத்தான் அடையாளம். அந்த மென்பொருளுக்கோ புள்ளி வந்தால் வாக்கியம் முடிந்தது என்று கணக்கு. "எஸ்" என்று சொல்லி நன்றாக மூச்சு வாங்கும். பிறகு "ராஜு எம்" என்று ஒரே இழுப்பில் சொல்லி மறுபடி நிற்கும். பிறகு "ராஜு கே." கேட்கிறவருக்கு, ஒவ்வொரு இனிஷியலும் முந்தைய ஆளோடு ஒட்டிக்கொண்டது போல் இருக்கும். ஸ்டோர்ஸ் ராஜுவுக்கு வந்த அழைப்பு கேன்டீன் ராஜுவுக்குப் போனது.

"ஏனுங் அம்மிணி, இந்த மெஷினு ஒவ்வொருத்தனுக்கும் அப்பனையே மாத்திப்புடுதுங்களே!" என்றார் அண்ணா. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மென்பொருளை யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதி, அதன் நிரலையும் திறந்தே வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். திருத்தியதை அனுப்பினால், சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார். இதற்கு ஓப்பன் சோர்ஸ் என்று பெயர் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். மதிய இடைவேளைகளில் மண்டையை உடைத்துக்கொண்டு, ஒற்றை எழுத்துக்குப் பின் புள்ளி வந்தால் நிற்காதே என்று திருத்தினேன். ராஜுக்கள் அவரவர் அப்பாவிடம் திரும்பிப் போய்ச் சேர்ந்தார்கள்.

பெருமை தாங்கவில்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்த வெளிநாட்டுக்காரருக்கு மெயில் அனுப்பினேன். மேலதிகாரிக்கு எழுதுவது போல "மதிப்பிற்குரிய ஐயா, பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்" என்ற ரகத்து ஆங்கிலத்தில் நீளமான கடிதம். கூடவே மொத்த நிரலும். மகிழ்ந்துபோய்ப் பதில் எழுதுவார் என்று எதிர்பார்த்தேன்.

வந்த பதிலில் வணக்கம்கூட இல்லை. மாற்றிய வரிகளை மட்டும் அனுப்பு. வாக்கியமே ஒற்றை எழுத்தில் முடிந்தால் உன் திருத்தம் சொதப்பும். இனிஷியல் எதற்கு, குடும்பப் பெயரைப் பயன்படுத்தலாமே? அவ்வளவுதான். என் ஒரு பக்கப் பணிவுக்கு மூன்றே வரிகள். முகத்தில் அடித்தது போல் இருந்தது. போடா நீயும் உன் மென்பொருளும் என்று எழுந்து வந்துவிட்டேன். எங்கள் வேலைதான் நடக்கிறதே, அவர் தயவு எதற்கு?

சில நாள் கழித்து அண்ணா என்னைக் கூப்பிட்டார். "நம்ம பேக்டரிக்குப் புதுசா ஒரு ராஜு வந்திருக்காருங்களா? பி.ராஜுன்னு?"

அப்படி யாருமே கிடையாது. சர்க்குலரைப் பார்த்தேன். இனிஷியல் போட மறந்து, "இந்த வாரம் ஷிப்ட் பி." என்று ஒரு வாக்கியமும் "ராஜு விடுப்பில் இருக்கிறார்." என்று அடுத்ததும் அடித்திருந்தார்கள். என் திருத்தம் நடுவில் நிற்காமல் ஓடி, இல்லாத ஓர் ஆளையே பெற்றெடுத்திருந்தது. எந்த ஷிப்ட் என்ற விவரமே காணாமல் போயிருந்தது. அந்த மூன்று வரிக்காரர் சொன்னது இதைத்தானே! மேனேஜர் கொடுத்த கெடுவில் பாதி போய்விட்டது.

மறுபடி பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அங்கே, எனக்கு அறிமுகமே இல்லாத வேறொருவரின் மெயில் காத்திருந்தது. அவரும் அந்த மென்பொருளுக்கு உழைப்பவராம், எங்கள் கடிதங்கள் அவர்கள் குழுவில் எல்லோருக்கும் போகுமாம். "அவருடைய பதிலைப் பார்த்துப் பயந்துவிட்டீர்களோ? பிடிக்காவிட்டால் அவர் பதிலே போடமாட்டார். உங்கள் நிரலைக் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார், அதுதான் இங்கே மரியாதை" என்று எழுதி, மாற்றிய வரிகளை மட்டும் தனியே எடுப்பது எப்படி என்பதையும் பொறுமையாக விளக்கியிருந்தார். அந்த இடத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இம்முறை அந்த வெளிநாட்டுக்காரருக்குப் பணிவுரையெல்லாம் இல்லாமல் நேராக எழுதினேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் நிற்கும் அந்த ஒற்றை எழுத்துதான் எங்கள் அப்பா. அதை விட்டுவிட்டால் ஆளே மாறிவிடும்.

மறுநாளே பதில் இருந்தது. இது எனக்குத் தெரியாது என்று ஆரம்பித்திருந்தார். இரண்டையும் ஒரே விதியில் அடைக்காதே, பெயர் படிக்க ஒரு விதம், வாக்கியம் படிக்க ஒரு விதம் என்று பிரித்துவிடு, மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான் வை என்றார். எவ்வளவு எளிது! செய்தேன். இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டு, மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று எல்லோரும் ஒரு பொத்தானை அழுத்திச் சோதித்துப் பார்க்க இனிஷியலோடு ஒரு பெயர் அனுப்பு என்றார்.

"அண்ணா, உங்க பேரை அனுப்பட்டுமா?"

"அனுப்புங் அம்மிணி. எங்கப்பனையும் சேத்தியே அனுப்புங்."

மாதம் முடிந்த அன்று மேனேஜர் பக்கத்து அறையிலிருந்து அவரே போன் செய்து, கேன்டீன் ராஜுவைக் கேட்டார். கேன்டீன் ராஜுவே கிடைத்தார். அண்ணா ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியில்தான் இருந்தார்.

என் திருத்தம் சேர்ந்த புதிய பதிப்பு சில மாதங்களிலேயே வந்தது. அண்ணாவை அருகில் உட்காரவைத்துச் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். வெள்ளைக்காரத் தொனியில், நடுவில் நிற்காமல், இனிஷியலோடு அவர் பெயரைச் சொன்னது மெஷின். அண்ணா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொருக்கா போடுங்" என்றார். போட்டேன். "எங்கப்பன் கொள்ளேகாலத் தாண்டுனதே என்னைய மைசூர்ல கண்ணு தெரியாத பசங்க இஸ்கூல்ல உடறதுக்குத்தானுங். இப்ப எங்கெங்கியோ போறாரு பாருங்" என்றார்.

இன்றும் நான் சில மென்பொருள்களுக்கு நிரல் எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்குப் பதில் போடும் வேலையும் என்னிடம் இருக்கிறது. முதலில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் தப்பைச் சொல்வேன், ஆனால் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் யாருக்கும் பதில் எழுதியதில்லை. முகம் தெரியாத ஒருவர் என் நிரலை அப்படிப் படித்ததால்தானே, எங்கோ ஒரு தேசத்தில் யாரோ அந்தப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஓர் அப்பாவும் மகனும் பிரியாமல் ஒரே மூச்சில் ஒலிக்கிறார்கள்.